கட்டையின் கனம்: விலை குறைந்த டிஜிட்டல் பியானோவில் எதை வாங்கலாம்?

இரண்டு வருடம் 61 கட்டை கீபோர்டில் பழகிய என் மகள், முதன்முறையாக டீச்சர் வீட்டு நிஜப் பியானோ (நிமிர்ந்து நிற்கும் 'அப்ரைட்') முன்னால் உட்கார்ந்தபோது பாதி சுரங்கள் வரவே இல்லை. விரல் சரியான இடத்தில்தான் விழுந்தது. கட்டையும் இறங்கியது. சத்தம் மட்டும் வரவில்லை. "பியானோ ரிப்பேரா மிஸ்?" என்று கேட்டாள். டீச்சர் சிரித்துவிட்டு, "பியானோ நல்லாத்தான் இருக்கு. உன் விரல்தான் இன்னும் கீபோர்டுலயே இருக்கு" என்றார்.

அன்று ராத்திரி டிஜிட்டல் பியானோ தேட ஆரம்பித்தவன், மூன்று மாதம் கழித்துத்தான் வாங்கினேன். வாங்கியது ரோலண்ட் எஃப்பி-10. அதையே எல்லாரும் வாங்குங்கள் என்று சொல்லமாட்டேன். ஏனென்றால் இதே விலைக்குப் பக்கத்தில் யமஹா பி-145, கேசியோ சிடிபி-எஸ்110 என்று இன்னும் இரண்டு நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் பொருத்தமான வீடு ஒன்று இருக்கிறது.

முதலில் ஒரு வார்த்தை. 'கீ' என்று எழுதாமல் 'கட்டை' என்றே எழுதுகிறேன். "அவர் ஒரு கட்டையில் பாடுவார், அந்தம்மா ஐந்தரைக் கட்டை" என்று சுருதியைச் சொல்கிறோமே, அந்தக் கட்டை ஆர்மோனியக் கட்டைதான். பெயர் ஏற்கெனவே நம்மிடம் இருக்கும்போது கடன் வாங்குவானேன்.

ஆர்மோனியத்தை வைத்தே விஷயத்தையும் புரிந்துகொள்ளலாம். அதில் கட்டையை மெல்ல அழுத்தினாலும் ஓங்கி அழுத்தினாலும் சத்தம் ஒன்றுதான். சத்தத்தைக் கூட்டிக் குறைப்பது துருத்தி இழுக்கும் கை. பியானோவில் துருத்தி இல்லை. அந்த வேலையும் விரலின் தலையில்தான். சுமார் 1700-இல் இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் பர்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி செய்த புதுமையே அதுதான். அதுவரை இருந்த ஹார்ப்சிகார்டு தந்தியைச் சுண்டும். எப்படி அழுத்தினாலும் ஏறக்குறைய ஒரே சத்தம். அவர் சுண்டுவதை விட்டுவிட்டுச் சுத்தியால் தட்ட வைத்தார். மெல்லத் தொட்டால் மெல்லிய ஒலி, ஓங்கித் தொட்டால் உரத்த ஒலி. 'பியானோஃபோர்ட்டே' என்ற பெயரின் பொருளும் மெல்ல, உரக்க என்பதுதான்.

ஆக, நீங்கள் கட்டையை அழுத்தும்போது உண்மையில் ஒரு சுத்தியைத் தூக்கி எறிகிறீர்கள். நல்ல பியானோவில் ஒரு கட்டையை இறக்க 50 கிராம் அளவு எடை வேண்டும். இடது பக்கம் கீழ் சுரங்களில் கொஞ்சம் கூடுதல், வலது பக்கம் கொஞ்சம் குறைவு. சாதாரண கீபோர்டில் சுத்தி இல்லை, ஸ்பிரிங் இருக்கிறது. ஸ்பிரிங் முதலில் இளகிக் கொடுத்து, போகப்போக இறுகும். சுத்தி அதற்கு நேரெதிர்: கிளப்பும்போது கனக்கும், கிளம்பிவிட்டால் தானாகப் போகும். இரண்டு வருடம் ஸ்பிரிங்கில் பழகிய விரல் சுத்தி முன்னால் ஏன் திணறியது என்பது இப்போது புரியும்.

டிஜிட்டல் பியானோவில் தந்தி கிடையாது. ஆனால் ஒவ்வொரு கட்டைக்கு அடியிலும் சுத்தி மாதிரி ஒரு சின்ன எடை வைத்த நெம்பு இருக்கும். கட்டை இறங்கும் வழியில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சென்சார். முதலாவதைத் தொட்டு இரண்டாவதைத் தொட எவ்வளவு நேரம் ஆனது என்று கணக்குப் போட்டு, எவ்வளவு வேகமாக அடித்தீர்கள் என்று கருவி தெரிந்துகொள்கிறது. விலை குறைந்த வரிசையில் எல்லாக் கம்பெனிக்கும் அடிப்படை இதுதான். வித்தியாசமெல்லாம் அந்த நெம்பின் நீளத்திலும் சென்சாரின் எண்ணிக்கையிலும்.

கடைக்காரர் வாயில் வரும் வார்த்தைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். 'டச் ரெஸ்பான்ஸ்' என்றால் வேகத்துக்கேற்பச் சத்தம் மாறும், அவ்வளவுதான், கனம் இல்லை. 'செமி வெயிட்டட்' என்றால் ஸ்பிரிங்கோடு கொஞ்சம் எடை. பியானோ விரலுக்கு அது போதாது. 'ஹேமர் ஆக்‌ஷன்' என்று எழுதியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெட்டியில் அதுவும் புரியவில்லையா, தூக்கிப் பாருங்கள். முழுப் பியானோ மாதிரி 88 கட்டைக்கும் சுத்தி வைத்த கருவி பெரும்பாலும் பத்து கிலோவைத் தாண்டும். யமஹாவின் என்பி வரிசை பார்ப்பதற்கு அழகான குட்டிப் பியானோ மாதிரி இருக்கும். எடை ஆறு கிலோ அளவு. அதற்குள் சுத்தி இல்லை.

யார் இதை வாங்க வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், பணம் மிச்சமாகும். பிள்ளை கர்நாடக சங்கீதத்தைக் கீபோர்டில் வாசிக்கப் போகிறதென்றால் இது வேண்டாம். கமகத்துக்குச் சுரத்தை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம் வேண்டும். நான் சொல்லும் மூன்றிலும் அது இல்லை. சர்ச்சிலோ மெல்லிசைக் குழுவிலோ வாசிக்க என்றால் தாளமும் பின்னணியும் தானாக ஓட வேண்டும். அதுவும் இவற்றில் இல்லை. கனமும் வேண்டும் தாளமும் வேண்டும் என்கிறவர்கள் 200 தாளங்கள் வைத்த கேசியோ சிடிபி-எஸ்360-ஐப் பார்க்கலாம். இன்னொன்று, டிரினிட்டி கிரேடு, அதாவது லண்டன் டிரினிட்டி கல்லூரி படிப்படியாக நடத்தும் இசைத் தேர்வு. எலக்ட்ரானிக் கீபோர்டு ஒரு பாடம், பியானோ வேறு பாடம். டீச்சர் நடத்துவது கீபோர்டு கிரேடு என்றால், அதற்கு 'ஸ்டைல்', அதாவது தாளமும் பின்னணியும், தானாக ஓடும் கீபோர்டுதான் வேண்டும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் 50,000 ரூபாய் செலவழித்துவிட்டுத் தலையில் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும்.

சரி, கருவிகளுக்கு வருவோம். விலை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. தோராயமாக 40,000 முதல் 60,000 ரூபாய்க்குள் இந்த மூன்றும் அடங்கும். கேசியோ அடியில், ரோலண்ட் மேலே, யமஹா நடுவில் என்பதே நான் பார்த்த பெரும்பாலான கடைகளின் வரிசை.

யமஹா பி-145 வந்தது 2023-இல். அதற்கு முன் 2015 முதல் இந்த இடத்தில் இருந்தது பி-45. இன்றைக்கும் பல டீச்சர்கள் வீட்டில் அதுதான் இருக்கும். புதியது இன்னும் ஒல்லி, 11 கிலோ. உள்ளே இருப்பது யமஹாவின் சிஎஃப்IIIஎஸ் கச்சேரிப் பியானோவிலிருந்து பதிவு செய்த ஒலி: பளிச்சென்று, தெளிவாக, கொஞ்சம் கண்ணாடித்தனமாக இருக்கும். எனக்குப் பிடித்திருந்தது. கட்டையில்தான் எனக்கு மனக்குறை. இடத்தை மிச்சம் பிடிக்கக் கட்டை அமைப்பைச் சுருக்கியிருக்கிறார்கள். கனம் இருக்கிறது, ஆனால் அடி தட்டும்போது ஒரு வெறுமை. சென்சார் இரண்டுதான். இரண்டு சென்சார் இருந்தால் ஒரே சுரத்தை மீண்டும் அடிக்கக் கட்டை ஏறக்குறைய முழுக்க மேலே வந்தாக வேண்டும். ஆரம்பப் பாடங்களில் இது தெரியாது. ஒரே சுரத்தை விரல் மாற்றி மாற்றி வேகமாகத் தட்டும் பாடம் வரும்போது தெரியும்.

கேசியோ சிடிபி-எஸ்110-இன் பலம் உடம்பு. பத்தரை கிலோ, முன்பின் ஆழம் 23 சென்டிமீட்டர்தான். பெரிய மேஜை வேண்டாம். சுவரோரமாக ஒரு ஒல்லி ஸ்டாண்டில் நின்றுகொள்ளும். ஆறு பென்சில் செல் போட்டாலும் ஓடும். கரண்ட் போனால் வாசிப்பு நிற்காது, மொட்டைமாடிக்கும் எடுத்துப் போகலாம். கட்டையின் மேல்பரப்பு சொரசொரப்பாக இருப்பதால் வியர்த்த விரல் வழுக்காது. நம் ஊர் மே மாதத்தில் இது சின்ன விஷயமில்லை.

ஆனால் அந்த ஒல்லி உடம்புக்கு ஒரு விலை உண்டு. கட்டை என்பது பூங்காவில் பிள்ளைகள் ஏறி இறங்கும் ஏற்றப்பலகை (சீசா) மாதிரி, உள்ளே ஒரு அச்சில் ஆடுகிறது. கண்ணுக்குத் தெரியும் பகுதிக்குப் பின்னால் கட்டை எவ்வளவு நீளம் போகிறதோ, அவ்வளவு தூரத்தில் அச்சு இருக்கும். ஏற்றப்பலகையின் நுனியில் உட்கார்ந்தால் எளிதாகக் கீழே போகும். நடுவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் போகாது, இல்லையா? அதே கதைதான். ஒல்லிக் கருவியில் அச்சு பக்கத்திலேயே இருப்பதால், கறுப்புக் கட்டைகளுக்கு நடுவே விரலை உள்ளே நுழைத்து வெள்ளைக் கட்டையை அழுத்தும்போது திடீரென்று இரண்டு மடங்கு கனக்கிற மாதிரி இருக்கும். கறுப்பும் வெள்ளையும் கலந்த கார்டுகளில் (பல கட்டைகளை ஒரே சமயத்தில் அழுத்தும் சுரக்கூட்டு) கட்டைவிரல் உள்ளே போயே தீரும். என் மகள் கை சின்னது என்பதால் எல்லாக் கார்டுக்கும் உள்ளே போனாள். இந்தக் கருவி எங்களுக்கு இல்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது.

ரோலண்ட் எஃப்பி-10, 2019-இல் வந்தது. வெளியில் இருந்து பார்த்தால் மூன்றில் இதுதான் சப்பை. பட்டன்கள் நான்கைந்து. ஒலியை மாற்ற ஒரு பட்டனைப் பிடித்துக்கொண்டு ஏதோ ஒரு கட்டையைத் தட்ட வேண்டும். எந்தக் கட்டை என்பதற்குப் பேப்பரைப் பார்க்க வேண்டும். (மற்ற இரண்டிலும் ஏறக்குறைய இதே அவஸ்தைதான், பாவம்.) ஸ்பீக்கர் கீழ்நோக்கி இருப்பதால் கட்டில் மேல் வைத்தால் போர்வைக்குள் இருந்து பாடுவது போலக் கேட்கும். ஆனால் கட்டை? ரோலண்ட் தன் விலை கூடிய எஃப்பி-30எக்ஸில் போட்டிருக்கும் அதே கட்டையைத்தான் இதிலும் போட்டிருக்கிறது. மூன்று சென்சார், தந்தம் போன்ற மேற்பரப்பு. மிக மெதுவாக இறக்கினால் அடிக்குச் சற்று முன்னால் ஒரு சின்னத் தடங்கல் விரலுக்குத் தெரியும். நிஜப் பியானோவில் சுத்தி கட்டையை விட்டுப் பிரியும் இடம் அது. அதைப் போலச் செய்து வைத்திருக்கிறார்கள். குறைந்த விலைக் கருவிக்குள் கூடிய விலைக் கட்டை. மிச்சம் பிடித்ததெல்லாம் ஸ்பீக்கரிலும் பட்டனிலும்.

இதன் கட்டை கொஞ்சம் அதிகக் கனம் என்று குறை சொல்கிறவர்கள் உண்டு. ஏழு வயதுக்குக் கீழ் பிள்ளை என்றால் நானும் ஒப்புக்கொள்வேன். யமஹா அவர்களுக்கு இதமாக இருக்கும். இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடுகிறேன். இதில் புளூடூத் உண்டு என்றதும் ஃபோனில் ஓடும் பாட்டு பியானோ ஸ்பீக்கரில் கேட்கும் என்று நினைத்துவிடாதீர்கள். என்ன கட்டை அடித்தோம் என்ற தகவலைப் பாடம் நடத்தும் ஆப்புக்கு அனுப்ப மட்டும்தான் அது. பி-145-இல் புளூடூத்தே இல்லை, யுஎஸ்பி கேபிள்தான்.

இனி, மயங்கக் கூடாத எண்கள். ஒரு கடையில் விற்பனையாளர் என்னைப் பார்த்ததும் டெமோ பட்டனை அழுத்திவிட்டு, "சார், 700 டோன் இருக்கு" என்றார். பியானோ கற்கும் பிள்ளைக்கு வேண்டியது ஒரு நல்ல பியானோ ஒலி. யமஹாவிலும் கேசியோவிலும் 10 ஒலிகள், ரோலண்டில் 15. அதிலேயே மூன்றுக்கு மேல் நாங்கள் தொட்டதில்லை. அடுத்து பாலிஃபோனி, அதாவது ஒரே சமயத்தில் எத்தனை ஒலிகளைக் கருவி தாங்கும் என்ற எண். யமஹா, கேசியோ இரண்டும் 64, ரோலண்ட் 96. பெடலை மிதித்தபடி வாசிக்கும்போது பழைய சுரங்கள் ஒலித்துக்கொண்டே இருப்பதால் இந்த எண் சீக்கிரம் தீரும், உண்மைதான். ஆனால் முதல் நான்கைந்து கிரேடுக்குள் யாருடைய காதிலும் அது விழாது.

கடைக்குப் போனால் செய்ய வேண்டியது வேறு. முதலில் ஒலியை முழுக்கக் குறைத்துவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கட்டை அடிக்கும் சத்தம் மட்டும் கேட்கும். அது கடினமாக 'டொக்' என்கிறதா, மெத்தென்று 'தப்' என்கிறதா பாருங்கள். மெத்தென்று இருந்தால் நல்லது. பிறகு ஒலியைக் கூட்டி, முடிந்த அளவு மெல்ல ஒரே சுரத்தைப் பத்து முறை அடிக்கச் சொல்லுங்கள். பத்தும் ஒரே மாதிரி வந்தால் கட்டை பிள்ளையின் சொல்பேச்சு கேட்கிறது என்று அர்த்தம். மூன்றாவது, நான் சொன்ன அந்த உள்ளே நுழைக்கும் கார்டு. மூன்று சோதனைக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகாது. டெமோவைக் கேட்டு வாங்குவது, பெண் பார்க்கப் போய்ப் போட்டோவைப் பார்த்துவிட்டுத் திரும்புவது மாதிரி. ஒரு கடையில் கருவி பெட்டியோடு பரணில் இருந்தது. "ஆர்டர் கன்ஃபார்ம் பண்ணினாத்தான் இறக்குவோம்" என்றார்கள். வந்துவிட்டோம்.

கையில் இன்னும் பத்திருபதாயிரம் இருந்தால் என்ன என்று கேட்பீர்கள். யமஹா பி-225, கேசியோ பிஎக்ஸ்-எஸ்1100, கவாய் இஎஸ்120 மூன்றிலும் பாலிஃபோனி 192, ஸ்பீக்கரும் ஒலியும் ஒரு படி மேல். எஃப்பி-30எக்ஸ் 256. ஆனால் பி-225-க்குள் இருப்பது பி-145-இன் கட்டைதான், எஃப்பி-30எக்ஸில் எஃப்பி-10-இன் கட்டைதான். கூடக் கொடுக்கும் காசு காதுக்குப் போகிறது, விரலுக்குப் போகவில்லை. காதுக்கு ஒரு நல்ல ஹெட்ஃபோன் போதும் என்று நான் முடிவு செய்தேன். இதில் கவாய் ஒரு விதிவிலக்கு. அதன் கட்டையும் ஒலியும் எனக்கு மிகவும் பிடித்தன, பட்ஜெட்டுக்குத்தான் பிடிக்கவில்லை.

செகண்ட் ஹேண்டையும் விடவில்லை. பாதி விலைக்கு ஒரு பி-45 என்று போய்ப் பார்த்தோம். எல்லாம் சரி, நடுவில் ஒரே ஒரு கட்டை மட்டும் எப்படித் தொட்டாலும் உச்ச சத்தத்தில் அலறியது. ஓனர், "அது கொஞ்சம் சென்சிடிவ் சார்" என்றார். விஷயம் என்னவென்றால், கட்டைக்கு அடியில் இருக்கும் ரப்பர் தொடுபுள்ளியில் தூசி ஏறினாலோ தேய்ந்தாலோ, முதல் சென்சாரும் இரண்டாவதும் தொடும் நேரக் கணக்கு குழம்பிவிடுகிறது. இரண்டுக்கும் நடுவே நேர இடைவெளியே இல்லை என்றால் மின்னல் வேகத்தில் அடித்ததாகக் கருவி நினைத்துக்கொள்ளும். சுத்தம் செய்தால் பல சமயம் சரியாகும். இல்லாவிட்டால் ரப்பர் பட்டையை மாற்ற வேண்டும். பழையது வாங்குகிறவர்கள் 88 கட்டையையும் ஒவ்வொன்றாக மெல்ல அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். பழைய நிஜப் பியானோ? 200 கிலோ மரப்பெட்டி, வருடத்துக்கு இரண்டு முறை சுருதி கூட்ட ஆள், கடற்கரை ஊர் ஈரம், கரையான். இரண்டாவது மாடி வாடகை வீட்டில் இருக்கும் நான் அந்தப் பக்கமே திரும்பவில்லை.

எனவே என் கணக்கு இப்படி. பிள்ளை கிரேடு வரிசையில் போகிறது, டீச்சர் வீட்டில் நிஜப் பியானோ இருக்கிறது என்றால் ரோலண்ட். வீடு சின்னது, அடிக்கடி வீடு மாற்றுவோம், வாசிப்பவர் பெரியவர், பொழுதுபோக்குக்குத்தான் என்றால் கேசியோ தாராளமாகப் போதும். பிள்ளை ரொம்பச் சின்னது, அல்லது உங்கள் ஊரில் சர்வீஸ் கிடைப்பது யமஹாவுக்கு மட்டும்தான் என்றால் யமஹா. கடைசிக் காரணத்தை லேசாக எண்ணாதீர்கள். பன்னிரண்டு கிலோ பெட்டியை பார்சல் போட்டு அனுப்பி ரிப்பேர் பார்ப்பது யாருக்கும் நடக்கிற காரியமில்லை.

கருவி விலைக்கு மேல் ஒரு ஏழெட்டாயிரம் தனியாக எடுத்து வையுங்கள். எக்ஸ் மாதிரி இருக்கும் மலிவு ஸ்டாண்டு ஓங்கி அடித்தால் ஆடும், முழங்காலையும் இடிக்கும். இசட் மாதிரி இருப்பதோ, கம்பெனியின் மரச் சட்டமோ நல்லது. உயரம் மாற்றக்கூடிய ஸ்டூல் அவசியம். பெட்டியோடு வரும் பெடல் ஒரு குட்டி சுவிட்ச், அழிப்பான் அளவுதான். டைல்ஸ் தரையில் மிதித்ததும் ஓடிப்போகும். நிஜப் பெடல் மாதிரி இருக்கும் ஒன்றைத் தனியாக வாங்குங்கள். அதுவும் அதே கம்பெனியுடையதாக இருக்கட்டும். வேறு கம்பெனிப் பெடல் சில சமயம் தலைகீழாக வேலை செய்யும், மிதித்தால் நிற்கும், விட்டால் இழுக்கும். ஹெட்ஃபோன் முனையையும் பாருங்கள்: ரோலண்டுக்கும் கேசியோவுக்கும் ஃபோனில் போடுகிற சின்ன முனை, யமஹாவுக்குப் பெரிய முனை.

ஹெட்ஃபோன் மாட்டிவிட்டால் அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவே இல்லை என்று நானும் நம்பினேன். பத்து நாள் கழித்துக் கீழ்வீட்டு அம்மா படியில் பிடித்துக்கொண்டார். "ஏன் தம்பி, ராத்திரி எட்டு மணிக்கு மேல யார் வீட்ல உரல் இடிக்கிறாங்க?" கட்டை அடிக்கும் அதிர்ச்சி ஸ்டாண்டு வழியாகத் தரைக்கு இறங்கி அவர் கூரையில் பேசிக்கொண்டிருந்திருக்கிறது. ஜிம்மில் போடும் தடித்த ரப்பர் பாயை வாங்கி ஸ்டாண்டுக்கு அடியில் விரித்தேன். பெடலும் அதன் மேல் நகராமல் உட்கார்ந்துகொண்டது. அடுத்த வாரம் நானே போய், இப்போது எப்படி என்று கேட்டேன். "இடிக்கிற சத்தம் நின்னுபோச்சு தம்பி. பாட்டுந்தான் ஒண்ணும் கேக்கல. ஞாயித்துக்கிழமை மட்டும் அந்தப் புள்ளைய ஹெட்ஃபோனைக் கழட்டிட்டு வாசிக்கச் சொல்லுங்க" என்றார்.